மில்லிமீட்டரும் வினைமுற்றும்

சென்னையின் மேற்கு விளிம்பில் பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி என்று மேற்கே நீள்வதும், தென்மேற்கே பூந்தமல்லியைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை நோக்கி விரிவதுமான தொழிற்பகுதியில் என்னென்ன உற்பத்தியாகின்றன என்று கேட்டால் மிதிவண்டி, போல்ட், சக்கரம், பிரேக், மின்தொடக்கி, பீரங்கி வண்டி என்று பட்டியல் நீளும். ஆனால் இவை ஒவ்வொன்றோடும் சேர்ந்து உருவாகி, இவை ஒவ்வொன்றையும் உருவாக்கவும் செய்கிற எழுத்து அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஒரு போல்ட் வாடிக்கையாளரின் கைக்குப் போவதற்குள் அதைப் பற்றி ஒரு வரைபடம், எந்தக் கட்டத்தில் எதை எந்தக் கருவியால் எத்தனை முறை சோதிப்பது என்று சொல்லும் கட்டுப்பாட்டுத் திட்டம், இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் பணி அறிவுறுத்தல் தாள், ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு விட்டுச்செல்லும் பதிவேட்டுக் குறிப்பு, தவறு நேர்ந்திருந்தால் அதன் மூலகாரணத்தைத் தேடும் அறிக்கை ஆகிய அனைத்தும் எழுதப்பட்டுவிடுகின்றன. இவற்றில் ஒரு சொல் பிசகினால் உலோகம் பிசகும் என்பதால், இந்த எழுத்தையும் ஒரு பொறியியல் பொருளாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

பொறியாளர்கள் பொதுவாகத் தம்மை எழுத்தாளர்களாகக் கருதுவதில்லை. அமெரிக்கப் பொறியாளர்களின் பணியிட எழுத்தைப் பல ஆண்டுகள் கவனித்து 1996-இல் நூலாக வெளியிட்ட டாரதி வின்சர் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டியது இதைத்தான்: தமது அறிவு நேரடியாகப் பொருளிலிருந்து வருகிறது என்று பொறியாளர்கள் நம்புகிறார்கள், ஆனால் அவர்கள் அன்றாடம் கையாளுவதில் பெரும்பகுதி பொருளைப் பற்றிய தாள்கள்தாம். ஒரு தாளைப் படித்து இன்னொரு தாளை எழுதுவதே வேலையின் பெரும் பங்காக இருந்தும், எழுதுவது வேலைக்குப் பிறகு செய்யும் வேலை என்ற எண்ணம் நீங்குவதில்லை. அம்பத்தூரில் இந்த எண்ணம் கூடுதலான விளைவை உண்டாக்குகிறது. ஏனென்றால் இங்கே எழுதும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம், பேசும் மொழி தமிழ், இயந்திரத்தின் முன் நிற்பவரின் தாய்மொழி இன்று இந்தியாகவோ ஒடியாவாகவோ வங்காளமாகவோ இருக்கலாம்.

1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை தொடங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் ஆகியவையும், அம்பத்தூரில் சிறுதொழில்களுக்கான தொழிற்பேட்டையும் வந்து சேர்ந்தன. பெரிய ஆலை ஒன்று தன் வரைபடத்தைத் தெருவுக்கு அந்தப் பக்கம் உள்ள பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்குக் கொடுத்து உதிரிபாகம் செய்து வாங்கும் முறை இங்கே வேர்பிடித்தபோது, அந்த இரு தரப்புக்கும் இடையே நடந்த பேச்சின் எழுத்து வடிவம் அந்த ஒற்றை வரைபடமாகவே இருந்தது. பட்டறைக்காரர்களிடம் தமக்கென்று ஓர் அளவை மொழியும் இருந்தது. தச்சரும் கொத்தனாரும் எட்டில் ஒரு பங்கு அங்குலத்தை நூல் என்றார்கள். கடைசல்காரர்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்றார்கள். மில்லிமீட்டர் வரைபடத்துக்கு வந்த பிறகும் இச்சொற்கள் நாவில் தங்கின. 'ஒரு தௌ எடு' என்பதை 25 மைக்ரான், அதாவது 0.025 மில்லிமீட்டர் என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ளும் திறமை எந்தத் தாளிலும் எழுதப்படாமலே ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறியது.

வரைபடம் மொழியைக் கடந்தது என்று பாடநூல்கள் சொல்வது பாதி உண்மை. ஒரு பொருளை முன்னிருந்து பார்த்த தோற்றத்துக்குக் கீழே மேலிருந்து பார்த்த தோற்றத்தை வரைவது முதற்கோண முறை. இந்தியத் தர நிறுவனம் பின்பற்றுவதும் ஐரோப்பாவில் வழங்குவதும் இதுவே. அமெரிக்காவில் வழங்கும் மூன்றாம் கோண முறையில் மேல்தோற்றம் மேலேயே வரும். இரு முறைகளிலும் வரைபடம் தரும் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்யும் பட்டறையில், வரைபடத்தின் மூலையில் உள்ள சிறிய வெட்டுக்கூம்புக் குறியைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கினால் துளை எதிர்ப்பக்கத்தில் விழும். ஜெர்மானிய வரைபடத்தில் பின்னத்தைப் பிரிப்பது புள்ளி அன்று, காற்புள்ளி. 1,250 என்று அங்கே எழுதியிருந்தால் அது ஒன்றேகால் மில்லிமீட்டர், ஆனால் இங்கே அதையே ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிக்கக் கை பழகியிருக்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எவரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 12,5 என்பதையும் 125 என்பதையும் மங்கலான நகலில் பிரித்தறிவதுதான் கடினம்.

இந்தச் சிக்கலின் மிகப் பெரிய வடிவம் ஆவடியில் இருக்கிறது. 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை முதலில் கட்டியது பிரிட்டிஷ் வடிவமைப்பில் அமைந்த விஜயந்தா பீரங்கி வண்டியை. அதன் ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. 1980-களில் சோவியத் வடிவமைப்பான டி-72, பிறகு 2000-க்குப் பின் டி-90 ஆகியவற்றின் உற்பத்தி உரிமம் கிடைத்தபோது, தொழில்நுட்பம் ரஷ்ய மொழித் தாள்களாக வந்தது. டி-90-இன் உள்நாட்டு உற்பத்தி தாமதமானதற்கான காரணங்களுள் ஒன்றாக, அந்த ஆவணங்களை ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப் பிடித்த காலத்தையும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை குறிப்பிட்டது. மொழிபெயர்ப்பு என்றால் அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவது என்று நினைப்பவருக்கு இது வியப்பாக இருக்கும். சோவியத் தர முறையில் ஓர் எஃகுக்குப் பெயரிடும் விதத்தைப் பார்த்தால் வியப்பு நீங்கும். அங்கே எஃகின் பெயர் அதன் சமையற்குறிப்பு: முதலில் வரும் எண் கார்பனின் அளவு, பின்னால் வரும் எழுத்துகளுள் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் அதில் சேர்ந்த ஒரு தனிமம். ஆனால் ரஷ்ய எழுத்துகளில் சில, உருவத்தில் ஆங்கில எழுத்துகளைப் போலவே இருக்கின்றன. ஆங்கில 'சி' போலத் தோன்றி, கார்பன் என்று எண்ணவைக்கும் எழுத்து அங்கே சிலிக்கன். 'எச்' போலத் தோன்றி ஹைட்ரஜனை நினைவூட்டுவது நிக்கல். 'பி' போலத் தோன்றி போரானை நினைவூட்டுவது டங்ஸ்டன். இதைச் சரியாகப் படித்த பிறகும் வேலை முடிவதில்லை. அந்தக் கலவைக்கு நிகரான எஃகு இந்தியத் தரப் பட்டியலில் எது, அதை எந்த வெப்பத்தில் பதப்படுத்தினால் அதே வலிமை கிடைக்கும் என்பவற்றை உலோகவியல் அறிந்தவர்தான் முடிவுசெய்ய முடியும். மொழிபெயர்ப்பாளரும் பொறியாளரும் ஒரே மேசையில் அமராமல் இந்த வேலை நடக்காது.

ஆவடியில் மொழி மாறியது நாட்டு எல்லையில் என்றால், அம்பத்தூரில் அது மாறுவது அலுவலக அறைக்கும் தொழிற்கூடத்துக்கும் இடையே உள்ள கண்ணாடிக் கதவில். தொழிலாளியின் மொழியைச் சட்டம் முற்றிலும் மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 108-ஆம் பிரிவில், ஆலையில் ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. அது அறிவிப்புகளுக்கான விதியே தவிர, வேலை செய்யும் முறையை விளக்கும் தாள்களுக்கானது அன்று. அந்த இடைவெளியை நிரப்பியது சட்டமன்று, சந்தை. சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் 1990-இல் தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9000 சான்றிதழைப் பெற்ற முதல் இந்திய நிறுவனமாயிற்று. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-இல் தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவுக்கு முதன்முறையாகக் கொண்டுவந்தது. எழுதியதைச் செய், செய்ததை எழுது என்ற ஒழுங்கும், கைசன் (தொடர் மேம்பாடு), கெம்பா (வேலை நடக்கும் இடம்), போக்கா யோக்கே (தவறு நேராமல் தடுக்கும் ஏற்பாடு) போன்ற ஜப்பானியச் சொற்களும் இந்த வழியில் பாடிக்கு வந்து, தமிழ்ச் சொற்களைப் போலவே தொழிற்கூடத்தில் புழங்கத் தொடங்கின. வாகன உதிரிபாகத் தொழிலுக்கான தர நெறியான ஐ.ஏ.டி.எஃப். 16949, தன் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில், பணி அறிவுறுத்தல்கள் அவற்றைப் பின்பற்ற வேண்டியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே விதித்தது. ஆக, அம்பத்தூரின் சிறு பட்டறையில் தமிழில் பணித்தாள் தொங்குவதற்கு ஒரு பன்னாட்டு விதியும் காரணமாயிற்று.

ஆனால் தமிழில் எழுதிவிட்டால் மட்டும் தாள் புரிந்துவிடுவதில்லை. ஆங்கில மூலத்தை வரிக்கு வரி பெயர்க்கும்போது பிறக்கும் தமிழ் எவரும் பேசாத தமிழாக இருக்கிறது. 'வெட்டுமுனை தேய்ந்திருப்பின் அது மாற்றப்பட வேண்டும்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரம் ஓடும் இடத்தில் இயக்குபவர் ஒருவர், செட்டர் எனப்படும் அமைப்பாளர் வேறொருவர், சோதிப்பவர் இன்னொருவர். வெட்டுமுனையை மாற்றினால் அளவைத் திருத்தி, முதல் உருப்படியைச் சோதித்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். மாற்றுவது யார் என்பதே அந்த இடத்தில் முதன்மையான கேள்வி. 'மாற்றப்பட வேண்டும்' என்ற செயப்பாட்டு வினை அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. பேச்சுத் தமிழ் இந்த 'படு' வினையை அரிதாகவே பயன்படுத்துகிறது; 'முனை தேய்ந்தால் செட்டரைக் கூப்பிடுங்க' என்றுதான் அது இயல்பாகச் சொல்லும். இங்கே பேச்சு வழக்கே எழுத்து வழக்கைவிடத் துல்லியமானது.

துணைவினைகளில் இடர் இன்னும் நுட்பமானது. பன்னாட்டுத் தர ஆவணங்கள் ஆங்கிலத்தின் நான்கு துணைவினைகளுக்கு நான்கு தனிப்பொருள்களை ஒதுக்கியிருக்கின்றன: ஒன்று கட்டாயம், ஒன்று பரிந்துரை, ஒன்று அனுமதி, ஒன்று இயலுமை. தமிழுக்கு வரும்போது முதலிரண்டும் 'வேண்டும்' என்ற ஒரே சொல்லில் கலந்துவிடுகின்றன. பின்னிரண்டும் 'லாம்' என்ற ஒரே விகுதியில் கலந்துவிடுகின்றன. 'குழாயைத் தொடலாம்' என்பது அனுமதி, 'குழாய் சூடாக இருக்கலாம்' என்பது ஐயம், 'சாப்பிடப் போகலாம்' என்பது அழைப்பு. பழக்கத்தால் இவற்றைப் பிரித்தறிகிறோம் என்பது உண்மையே. ஆனால் தணிக்கையின்போது 'நீங்கள் இதைச் செய்யவில்லையே' என்று கேட்கப்படும் வரியில் பழக்கம் போதாது. கட்டாயமானால் 'கட்டாயம்' என்றும், அனுமதியானால் 'அனுமதி உண்டு' என்றும், பரிந்துரையானால் 'செய்வது நல்லது' என்றும் எழுதிவிடுவதில் தமிழுக்கு எந்தக் குறையும் நேராது.

கலைச்சொல்லிலும் பொறிகள் உண்டு. தண்ணீர்க் குழாயை மூடினால் ஓட்டம் நிற்கும். மின்சுற்றை மூடினால் ஓட்டம் தொடங்கும். பள்ளிப் பாடநூலில் மூடிய சுற்று, திறந்த சுற்று என்று படித்தவருக்கு இது விளங்கும். ஆனால் பராமரிப்புத் தாளில் 'மூடவும்' என்று மட்டும் எழுதினால், கைவினைப் பழக்கத்தில் வளர்ந்தவர் அதற்கு நேர் எதிரான பொருளைக் கொள்வதற்கு வாய்ப்பு உண்டு. ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்ற கொள்கையை விமானத் தொழில் இத்தகைய இடர்களிலிருந்துதான் கற்றது. விமானப் பராமரிப்பு நூல்களுக்காக 1980-களில் ஐரோப்பாவில் உருவாகி, இன்று ஏ.எஸ்.டி.-எஸ்.டி.ஈ. 100 என்று அழைக்கப்படும் எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம், சில நூறு பொதுச்சொற்களை மட்டும் அனுமதித்து, ஒவ்வொன்றையும் ஒரே பொருளில் கட்டி, செய்முறை வாக்கியத்துக்கு 20 சொற்கள் என்ற உச்சவரம்பும் விதித்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பராமரிப்பாளர் தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். தமிழில் இத்தகைய கட்டுப்பாட்டு மொழி இன்னும் பொதுவாக உருவாகவில்லை. ஆனால் தமிழின் அமைப்பிலேயே அதற்கான வசதி ஒன்று இருக்கிறது.

நிபந்தனையை முதலில் சொல், செயலைப் பின்னால் சொல் என்பது அந்த எளிய ஆங்கிலத்தின் விதிகளுள் ஒன்று. ஆங்கிலத்தில் செயல் முன்னும் நிபந்தனை பின்னும் வருவது வழக்கமாதலால் அதை விதித்துக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அது இயற்கை. 'அழுத்தம் முழுவதும் இறங்கியபின் மூடியைக் கழற்றவும்' என்பதில் படிப்பவர் மூடி என்ற சொல்லை அடையும் முன்பே அழுத்தமானியைப் பார்த்துவிடுகிறார். இந்த இயல்பைக் கெடுப்பது மொழிபெயர்ப்புத்தான்: 'மூடியைக் கழற்ற வேண்டாம், அழுத்தம் முழுவதும் இறங்கும் வரை' என்ற வரி கையை முதலில் மூடிக்குக் கொண்டுபோகிறது.

அதே அமைப்பில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் எதிர்மறை கடைசியில்தான் வரும். 'இயந்திரம் ஓடும்போது பாதுகாப்புக் கதவைத் திறக்கக் கூடாது' என்ற பலகையில் ஆறாவது சொல்தான் விலக்கு. அதற்கு முன்வரை அந்த வாக்கியம் கதவைத் திறப்பதைப் பற்றியே பேசுகிறது. பலகை சிறிதாகி 'கூடாது' அடுத்த வரிக்கு இறங்கினாலோ, அந்த வரியை எண்ணெய்க் கறை மறைத்தாலோ, எஞ்சுவது கிட்டத்தட்ட ஒரு கட்டளை. சிவப்பு வட்டத்தின் குறுக்கே கோடு இழுத்த பன்னாட்டு விலக்குக் குறி தமிழ்ப் பலகைகளுக்கு மிகவும் தேவைப்படுவது இதனால்தான். அது எதிர்மறையை வாக்கியத்தின் தலைக்குக் கொண்டுவருகிறது. இன்னொரு வழியும் உண்டு. தமிழ் இலக்கணம் பிரிநிலை ஏகாரம் என்று பெயரிட்டிருக்கும் ஓரெழுத்து இடைச்சொல், பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்து அதை மட்டுமே உறுதிசெய்கிறது. 'சுழலி முழுவதும் நின்ற பிறகே கதவைத் திறக்கவும்' என்று எழுதினால் எதிர்மறைச் சொல்லே இல்லாமல் விலக்கு முழுமையாகிறது. தொல்காப்பியம் வகைப்படுத்திய ஓர் இடைச்சொல், கணினி லேத்தின் கதவுக்கு முன்னால் ஒருவரின் விரல்களைக் காக்கும் ஆற்றல் உடையது என்பது எந்த மொழிக்கும் பெருமைதான்.

எண்ணோடு சேரும் சொற்களையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். '0.05-க்குள் இருக்க வேண்டும்' என்று ஒரு தாள் சொன்னால் மொத்த வேறுபாடு 0.05-ஆ, இரு புறமும் தனித்தனியே 0.05-ஆ என்பது தெரியாது. இரண்டாவது பொருளைக் கொண்டால் அனுமதித்த இடைவெளி இரட்டிப்பாகிவிடும். '8 பார் வரை' என்பதில் 8 அடங்குமா, '5-க்கு மேல்' என்பதில் 5 விலகுமா என்பவற்றிலும் இதே மயக்கம் உண்டு. 'நன்றாக இறுக்கவும்' என்பதற்கு ஒருவர் கைக்கு ஒரு பொருள், இன்னொருவர் கைக்கு வேறு பொருள். '25 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்கவும்' என்பதற்கு எல்லார் கைக்கும் ஒரே பொருள். 'பிசிறு இருக்கக் கூடாது' என்பதும் 'நன்றாக இறுக்கவும்' போன்றதே. வெட்டிய உலோகத்தில் பிசிறு சிறிதாவது இருக்கும். எவ்வளவு பிசிறு என்று சொல்லாத வாக்கியம் பொறுப்பைச் சோதிப்பவரின் கண்ணுக்குத் தள்ளிவிடுகிறது.

தவறு நேர்ந்தபின் எழுதும் அறிக்கையில் மொழி வேறு வகையில் செயல்படுகிறது. ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டு மூலகாரணத்தை அடையும் முறை டொயோட்டாவிலிருந்து உலகெங்கும் பரவியது. பாடியிலும் அம்பத்தூரிலும் அது அன்றாட வழக்கம். ஆனால் தமிழில் ஒருவரை நேரே பார்த்து 'ஏன்' என்று கேட்டால் அது விசாரணை ஆகிவிடுகிறது. 'ஏன் அளவு கூடிப்போச்சு?' என்ற கேள்வி 'ஏன் இப்படிப் பண்ணினே?' என்றே காதில் விழுகிறது. பதில் தற்காப்பாக வரும், இரண்டாம் அல்லது மூன்றாம் ஏனிலேயே 'இயக்குபவரின் கவனக்குறைவு' என்ற வரியில் ஆய்வு நின்றுவிடும். 'எதனால்' என்ற சொல் ஆளை விட்டுப் பொருளைக் கேட்கிறது. எதனால் அளவு கூடியது, முனை தேய்ந்ததால். தேய்ந்தது எதனால் தெரியாமல் போனது, மாற்றும் எண்ணிக்கை தாளில் இல்லாததால் என்று கேள்வி ஆளைக் கடந்து அமைப்பை நோக்கி நகரும். ஷிப்ட் பதிவேட்டில் காணப்படும் 'சரி செய்யப்பட்டது' என்ற குறிப்பும் இப்படிக் காரணத்தை எட்டாமல் நின்றுவிடுவதே. எது கெட்டிருந்தது, எதை மாற்றினார்கள், அடுத்தவர் எதைக் கவனிக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இல்லை. இரவு ஷிப்டுக்கு வருபவர் அதே கோளாற்றை முதலிலிருந்து தேடுகிறார்.

மொழிகள் பெருகிய தொழிற்கூடங்கள் இப்போது படங்களை நாடுகின்றன. சரியான உருப்படி பச்சைக் கட்டத்திலும் தவறானது சிவப்புக் கட்டத்திலும் இருக்க, ஒரே பக்கத்தில் ஒரே செய்தியைச் சொல்லும் ஒரு பக்கப் பாடம் என்ற வடிவம் தமிழருக்கும் ஒடியருக்கும் ஒரே வேகத்தில் புரிகிறது. அதன் பயனில் ஐயமில்லை. ஆனால் படத்துக்கு 'ஆனால்' தெரியாது, 'இல்லையென்றால்' தெரியாது, 'பிறகே' தெரியாது. ஒரு நிலையைக் காட்ட முடிகிற படத்தால் ஒரு நிபந்தனையைக் காட்டுவது அரிது. சொல் தேவைப்படும் அந்த இடங்களில் சொல்லைத் தமிழிலும், இயந்திரத்தில் நிற்பவரின் மொழி எதுவோ அதிலும், அளவைக் கருவிக்குக் காட்டும் அதே அக்கறையோடு எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை.

பணி அறிவுறுத்தல் தாளின் அடியில் வழக்கமாக மூன்று கட்டங்கள் இருக்கின்றன: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூவரும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்து, அந்த இயந்திரத்தில் நிற்பவர் தாளை வாய்விட்டுப் படித்து, அதில் உள்ளபடி ஓர் உருப்படியைச் செய்து பார்த்தபின் கையெழுத்திட இடம் கொடுங்கள். அவர் தடுமாறிய சொல்லை மாற்றியபின் தாளை வெளியிடுங்கள்.